கணினிக் கேள்வி பதில்: வீட்டு லினக்ஸில் கம்பைலர்

வீட்டுக் கணினியில் லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவுவதைப் பற்றிச் சென்ற மாதம் எழுதியிருந்தேன். நிறுவி முடித்தவர்கள் அனுப்பிய கடிதங்களில் பெரும்பாலானவை, நாம் எழுதும் நிரலைக் கணினி ஓட்டக்கூடிய கோப்பாக உருவாக்கித் தரும் கம்பைலரைப் பற்றியே பேசுகின்றன. பாலிடெக்னிக் ஒன்றின் கணினி ஆய்வகத்தை இருபத்தேழு ஆண்டுகள் நடத்தியவள் நான். இந்தக் கேள்விகளில் பலவற்றை மேசை மேசையாக நின்று கேட்டிருக்கிறேன். எனவே இந்த இதழ் முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கிவிட்டேன். கட்டளைகளை அங்கே வாயால் சொல்வதுபோலவே ஒலிப்படி எழுதியிருக்கிறேன். தட்டும்போது எல்லாமே ஆங்கிலச் சிறிய எழுத்துகள். நான் எழுத்தாக உச்சரித்திருந்தால் ஒழிய இடையில் மைனஸ் குறி வராது.

ஒரு வேண்டுகோள். 'பிழை வருகிறது, என்ன செய்ய?' என்று மட்டும் எழுதுகிறவர்களுக்கு என்னால் உதவ முடியவில்லை. திரையில் வந்த செய்தியை எழுத்துக்கு எழுத்து எடுத்து எழுதுங்கள். பல செய்திகள் வரிசையாக வந்தால் முதலில் வந்ததை எழுதுங்கள். பின்னால் வருபவை பெரும்பாலும் முதல் பிழையின் விளைவுகள்.

முதலாண்டு மாணவி, சாத்தூர்: அம்மா, எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் நீலத் திரை டர்போ சி. வீட்டில் இருப்பது அண்ணனுக்கு அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி. அதில் லினக்ஸ் மின்ட் போட்டிருக்கிறோம். ரெக்கார்டு நோட்டில் உள்ள நிரலை அப்படியே தட்டினால் 'கோனியோ.எச் என்ற கோப்பு இல்லை' என்கிறது. லினக்ஸுக்கு டர்போ சி கிடைக்குமா?

மகளே, அந்தச் செய்தி வந்ததே உன் கணினியில் கம்பைலர் இருப்பதற்குச் சாட்சி. அது உன் நிரலைப் படிக்கத் தொடங்கி, இரண்டாவது வரியில் தடுக்கி நிற்கிறது.

டர்போ சி என்பது போர்லாண்ட் நிறுவனம் 1987-இல் டாஸ் இயங்குதளத்துக்காக வெளியிட்ட கம்பைலர். ஆய்வகங்களில் இன்று ஓடுவது பெரும்பாலும் டர்போ சி++ 3.0. அது தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வந்தது. இன்றைய கணினிகளில் டாஸ் இல்லாததால், டாஸ்போல நடித்துக் காட்டும் டாஸ்பாக்ஸ் என்ற மென்பொருளுக்குள் அதை ஓட்டுகிறார்கள். டாஸ்பாக்ஸ் லினக்ஸுக்கும் உண்டு. ஆகவே நீ கேட்டது முடியும். ஆனால் அதைச் செய்யாதே என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன். ரிச்சர்ட் ஸ்டால்மன், இப்போது உன் லினக்ஸில் இருக்கும் ஜிசிசி கம்பைலரின் முதல் பதிப்பை வெளியிட்டதும் அதே 1987-இல்தான். ஒரே ஆண்டில் பிறந்த இரண்டில், உன் ஆய்வகத்தில் இருப்பது அன்று நின்ற இடத்திலேயே நிற்கிறது. ஜிசிசிக்கு இன்றும் ஆண்டுதோறும் புதிய பதிப்பு வருகிறது. படித்து முடித்து வேலைக்குப் போகும் இடத்தில் உன்னை வரவேற்கப்போவது நீலத் திரை அல்ல.

கோனியோ.எச் சி மொழியின் தரத்தில் எந்நாளும் இருந்ததில்லை. அது டாஸ் கம்பைலர்கள் தங்கள் வசதிக்குச் சேர்த்துக்கொண்டது. அந்த வரியை எடுத்துவிடு. திரையைத் துடைக்கும் கிளிர்ஸ்கர் வரியையும், கடைசியில் வரும் கெட்ச் வரியையும் எடுத்துவிடு. நிரல் முடிந்ததும் நீலத் திரை வந்து விடையை மறைத்துவிடும் என்பதால்தான் கெட்ச் போட்டு நிறுத்தினோம். கட்டளைகளைத் தட்டும் சாளரமான டெர்மினலில் விடை தானாகவே நிற்கும். 'வாய்ட் மெயின்' என்பதை 'இன்ட் மெயின்' என்று மாற்றி, இறுதியில் 'ரிடர்ன் 0' சேர். சி++ என்றால் 'ஐயோஸ்ட்ரீம்.எச்' என்பதில் உள்ள புள்ளி எச்சை நீக்கிவிட்டு, அடுத்த வரியில் 'யூஸிங் நேம்ஸ்பேஸ் எஸ்டிடி' என்று எழுது. சி++ மொழிக்கு 1998-இல் தரம் வகுத்தபோது வந்த மாற்றம் இது. உங்கள் ஆய்வகக் கம்பைலர் அதற்கு முந்தையது என்பதால் அதற்குத் தெரியாது.

இவையெல்லாம் மேல்மாற்றங்கள். விடையையே மாற்றிவிடும் வேறுபாடு ஒன்று உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் என் ஆய்வகத்தில் ஒரு மாணவன் காரணியப் பெருக்கம் கணக்கிடும் நிரலை எழுதினான். 7 கொடுத்தால் 5040 என்று சரியாக வந்தது. 8 கொடுத்தால் மைனஸ் 25216. நிரலில் பிழை தேடி இரண்டு மணி நேரம் போராடினான். ஒன்பது முறை மாற்றி எழுதினான். நிரல் முதலிலேயே சரியாகத்தான் இருந்தது. டர்போ சியில் 'இன்ட்' என்ற வகை இரண்டு பைட் மட்டுமே. 32767-க்கு மேல் அதில் அடங்காது. எட்டின் விடையான 40320 அதைத் தாண்டியதால் 65536 கழிந்து எதிர்மறை எண்ணாகத் திரும்பியது. இன்றைய ஜிசிசியில் அது நான்கு பைட். 12 வரை சரியாக வரும். 13 கொடுத்தால் 6227020800 வருவதற்குப் பதிலாகப் பெரும்பாலும் 1932053504 என்று வரும். இரண்டு கம்பைலரிலும் ஓட்டிப் பார்த்து, எந்த எண்ணில் உடைகிறது என்று ரெக்கார்டு நோட்டின் ஓரத்தில் குறித்துக்கொள். கல்லூரித் தேர்வுக்கு அவர்கள் கேட்கும் வடிவத்திலேயே எழுது. அதற்காக உன் ஆசிரியரோடு வாதம் வேண்டாம்.

கம்பைலரே இல்லாத உபுண்டு, டெபியன் (இரண்டும் லினக்ஸின் வகைகள்) கணினி வைத்திருப்பவர்களுக்கு: டெர்மினலைத் திறந்து 'சூடோ ஆப்ட் அப்டேட்', பிறகு 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் பில்ட் மைனஸ் எசென்ஷியல்'. கடவுச்சொல் தட்டும்போது திரையில் நட்சத்திரம்கூட வராமல் இருக்கலாம். விசைப்பலகை கெட்டுவிட்டதாக நினைக்க வேண்டாம். இந்த ஒரு பொதியே (மென்பொருள் தொகுப்பே) சி கம்பைலர், சி++ கம்பைலர், மேக், சி நூலகத்தின் தலைப்புக் கோப்புகள் ('.எச்' என்று முடிபவை) என அனைத்தையும் சேர்த்துக் கொண்டுவரும். ஜிசிசியை மட்டும் தனியாக நிறுவியவர்கள் சிலருக்கு 'ஸ்டிடியோ.எச் இல்லை' என்ற செய்தி வந்திருக்கிறது. அந்தத் தலைப்புக் கோப்புகள் வராததே காரணம். ஃபெடோராவில் 'டெவலப்மென்ட் டூல்ஸ்' என்ற தொகுதியும், ஆர்ச்சில் 'பேஸ் மைனஸ் டெவெல்' என்பதும் இதே வேலையைச் செய்கின்றன.

நிரல் எழுதுவதற்கு ஜீனி என்ற எடிட்டரைப் போட்டுக்கொள். பழைய கணினியிலும் இலகுவாக ஓடும். எஃப்9 அழுத்தினால் நிரல் உருவாகும், எஃப்5 அழுத்தினால் ஓடும். முக்கியமான எச்சரிக்கைகளைக் காட்டச் சொல்லும் 'மைனஸ் வால்' என்ற குறிப்பையும் அதுவே சேர்த்துக்கொள்கிறது. டெர்மினலில் தட்டும்போது நீயாகவே சேர்க்க வேண்டும். அதில் டபிள்யூ மட்டும் பெரிய எழுத்து.

டிப்ளமோ மாணவர், தேனி: டெஸ்ட்.சி என்ற நிரலை எழுதி, 'டெஸ்ட்' என்ற பெயரிலேயே உருவாக்கினேன். பிழை எதுவும் இல்லை. 'டெஸ்ட்' என்று தட்டி என்டர் அழுத்தினால் எதுவுமே நடக்கவில்லை. பிரின்டெஃப் வேலை செய்யவில்லையா?

தம்பி, உன் நிரல் ஓடவே இல்லை. டெர்மினலுக்குள் ஏற்கெனவே 'டெஸ்ட்' என்ற பெயரில் ஒரு கட்டளை உண்டு. ஓடியது அதுதான். அது எதையும் அச்சிடாது. 'புள்ளி, சாய்கோடு, டெஸ்ட்' என்று இடைவெளியின்றித் தட்டு, உன்னுடையது ஓடும்.

புள்ளி என்றால் 'இப்போது நான் நிற்கும் இந்த அடைவு (ஃபோல்டர்)' என்று பொருள். நிற்கும் அடைவில் உள்ள நிரலை லினக்ஸ் தானாகத் தேடி ஓட்டாது. இது பாதுகாப்புக்காகவே அப்படி வைக்கப்பட்டிருக்கிறது. பலர் சேர்ந்து பயன்படுத்தும் கணினியில், கோப்புகளைப் பட்டியலிடும் 'எல்எஸ்' கட்டளையின் பெயரிலேயே யாராவது ஒரு கெட்ட நிரலை ஓர் அடைவில் போட்டு வைத்தால், அங்கே வந்து 'எல்எஸ்' தட்டுகிறவரெல்லாம் அதை ஓட்டிவிடுவார்கள். அந்த வழியை அடைத்திருக்கிறார்கள். பெயர் எதுவும் கொடுக்காமல் உருவாக்கினால் 'ஏ.அவுட்' என்ற கோப்பு வரும். 'அசெம்பிளர் அவுட்புட்' என்பதன் சுருக்கம் அது. யூனிக்ஸின் தொடக்கக் காலத்திலிருந்து மாறாமல் வரும் பெயர்.

பொறியியல் மாணவர், குளித்தலை: மேத்.எச் சேர்த்திருக்கிறேன். 25-இன் வர்க்கமூலம் கேட்டால் விடை வருகிறது. எக்ஸ் என்ற மாறியில் 25-ஐ வாங்கி வர்க்கமூலம் கேட்டால் 'அன்டிஃபைன்டு ரெஃபரன்ஸ் டு எஸ்க்யூஆர்டி' என்கிறது. அதே எண், அதே கம்பைலர். ஒன்றும் புரியவில்லை.

கூர்ந்து கவனித்து எழுதியிருக்கிறாய் தம்பி. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்ததால்தான் விடை எனக்கு உடனே தெரிந்தது.

மேத்.எச் வெறும் அறிவிப்பு. 'இந்தப் பெயரில் ஒரு செயற்கூறு உண்டு, இப்படி ஓர் எண்ணை வாங்கும், இப்படி ஓர் எண்ணைத் தரும்' என்று மட்டும் கம்பைலருக்குச் சொல்கிறது. கல்யாணப் பத்திரிகையில் நாதஸ்வரக்காரர் பெயர் அச்சாகியிருப்பதைப்போல. பத்திரிகையே வந்து வாசித்துவிடாது அல்லவா? கணக்கைப் போடும் உண்மையான நிரல் தனியாக ஒரு கணித நூலகத்தில் இருக்கிறது. அதை அழைத்துவரக் கட்டளையின் கடைசியில் 'மைனஸ் எல்எம்' சேர்க்க வேண்டும். கடைசியில் என்பது முக்கியம். உபுண்டுவில் அதை நிரல் கோப்பின் பெயருக்கு முன்னால் எழுதினால் அதே பிழை மறுபடியும் வரும். நிரலையும் நூலகங்களையும் ஒன்றுசேர்க்கும் இணைப்பி இடமிருந்து வலமாகப் படித்துக்கொண்டு போகிறது. யாரும் கேட்காத நூலகத்தை அது கையில் வைத்துக்கொள்வதில்லை.

25 என்று நேராக எழுதியபோது ஏன் வந்தது? எண் முன்பே தெரிந்திருந்ததால், ஜிசிசி உருவாக்கும் நேரத்திலேயே தானாகக் கணக்குப் போட்டு 5 என்று எழுதிவிட்டது. நூலகத்துக்கு வேலையே இருக்கவில்லை. எக்ஸின் மதிப்போ நிரல் ஓடும்போதுதான் தெரியும்.

வாசகர், கடலூர்: பில்ட் எசென்ஷியல் நிறுவப் போனால் 'லாக் கிடைக்கவில்லை' என்கிறது. அந்த லாக் கோப்பை அழித்துவிடச் சொல்கிறார் நண்பர்.

அழிக்காதீர்கள். ஒரே நேரத்தில் இரண்டு நிறுவல்கள் மோதாமல் காக்கும் பூட்டு அது. உங்கள் கணினி பின்னணியில் தானாகவே புதுப்பித்துக்கொண்டிருக்கிறது. கால் மணி நேரம் பொறுத்துவிட்டு மறுபடியும் முயலுங்கள். இடையில் மின்சாரம் போய்ப் பாதியில் நின்றிருந்தால் மட்டும் 'சூடோ டிபிகேஜி மைனஸ் மைனஸ் கான்ஃபிகர் மைனஸ் ஏ'.

இரண்டாமாண்டு மாணவி, திருப்பத்தூர்: பெயரை வாங்க 'கெட்ஸ்' பயன்படுத்தினால், அது ஆபத்தானது, பயன்படுத்தாதே என்கிறது. பாடத்தில் இருப்பது எப்படி ஆபத்தாகும்?

கெட்ஸ் தனக்குக் கொடுத்த இடம் எவ்வளவு என்று பார்ப்பதே இல்லை. இருபது எழுத்துக்கு இடம் வைத்திருக்கும்போது இருநூறு எழுத்து வந்தால், அடுத்தடுத்த நினைவகத்தின்மேல் எழுதிக்கொண்டே போகும். 1988 நவம்பர் 2 அன்று இணையத்தில் பரவிய மாரிஸ் புழு நுழைந்த வழிகளில் ஒன்று இதுதான். 'ஃபிங்கர்' என்ற சேவை நிரல் கெட்ஸ் மூலம் வாங்கிய வரியில் அளவுக்கு மீறி நிரப்பி உள்ளே புகுந்தது. 2011-இல் வந்த சி தரம் கெட்ஸை மொழியிலிருந்தே நீக்கிவிட்டது. 'எஃப்கெட்ஸ்' பயன்படுத்து, அதில் அளவையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அது வரியின் இறுதியில் உள்ள என்டரையும் சேர்த்தே தரும் என்பதை நினைவில் வைத்துக்கொள்.

அரசு மேல்நிலைப் பள்ளிக் கணினி ஆசிரியர், ஆரணி: பன்னிரண்டாம் வகுப்புக்குப் பைத்தான் மொழியில் வரைபடம் வரையும் மேட்பிளாட்லிப் நூலகம் வேண்டும். உபுண்டுவில், பைத்தான் நூலகங்களை நிறுவும் 'பிப்' மூலம் நிறுவினால் 'எக்ஸ்டர்னலி மேனேஜ்டு' என்று மறுக்கிறது. பைத்தானையே நீக்கிவிட்டுப் புதிதாகப் போடலாமா? பத்துக் கணினிகள் இருக்கின்றன.

ஆசிரியரே, பைத்தானை நீக்குவதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள்.

என் ஆய்வகத்தில் நடந்ததைச் சொல்கிறேன். விடுமுறை நாளில் பயிற்சிக்கு வந்த மாணவன் ஒருவன், புதிய பைத்தான் போடும் ஆசையில் பழையதை நீக்கக் கட்டளை கொடுத்தான். நீக்கப்படவிருக்கும் பொதிகளின் பட்டியல் திரை முழுக்க ஓடியது. அவன் அதைப் படிக்காமல் ஒய் அழுத்தினான். கணினியை மறுபடியும் இயக்கியபோது மேசைத்திரை வரவில்லை. கறுப்புத் திரையில் எழுத்துகள் மட்டும். உபுண்டுவின் சொந்தக் கருவிகள் பலவும் பைத்தானில் எழுதப்பட்டவை. அடியில் இருந்த கல்லை உருவியதும் மேலே இருந்தவை எல்லாம் சரிந்துவிட்டன. கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 அழுத்தி எழுத்துத் திரைக்குப் போய், கம்பி வழி இணையத்தில் 'உபுண்டு மைனஸ் டெஸ்க்டாப்' என்ற பொதியை மறுபடியும் நிறுவி அந்தக் கணினியை மீட்டோம். அன்று மாலை முழுவதும் அந்தப் பையன் என் பக்கத்திலேயே உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் வாசித்தான். அவனை நான் திட்டவில்லை. பட்டியலை வாசிக்க வேண்டும் என்று அதுவரை யாரும் அவனுக்குச் சொல்லித் தந்திருக்கவில்லை.

இந்த மறுப்பு அதே காரணத்துக்காகத்தான் வந்திருக்கிறது. கணினி தன் தேவைக்கு வைத்திருக்கும் பைத்தானுக்குள் பிப் கைவைக்கக் கூடாது என்று டெபியனும் உபுண்டுவும் 2023-இல் தடுப்புப் போட்டன. அந்தச் செய்தியை இறுதிவரை படித்தீர்களானால் இரண்டு வழிகளை அதுவே சொல்லியிருக்கும். முதல் வழி: 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் பைத்தான்3 மைனஸ் மேட்பிளாட்லிப்'. பள்ளிப் பாடத்துக்கு இதுவே போதும். பத்துக் கணினிகளிலும் இதையே செய்யுங்கள். இரண்டாம் வழி தனிச்சூழல். 'பைத்தான்3 மைனஸ் வெனிவ்' என்ற பொதியை நிறுவிக்கொண்டு, 'பைத்தான்3 மைனஸ் எம் வெனிவ் லேப்' என்று தட்டினால் 'லேப்' என்ற அடைவில் தனியாக ஒரு பைத்தான் உருவாகும். (வெனிவ் என்பது வி, இ, என், வி என்ற நான்கே எழுத்துகள்.) 'சோர்ஸ் லேப் சாய்கோடு பின் சாய்கோடு ஆக்டிவேட்' என்று கொடுத்து அதற்குள் நுழைந்தபின் பிப் எதை வேண்டுமானாலும் நிறுவலாம். கெட்டுப்போனால் அந்த அடைவை மட்டும் அழித்தால் போதும்.

உங்கள் பாடத்திலேயே இன்னொன்றும் உண்டு. பைத்தான் நிரலிலிருந்து சி++ நிரலை உருவாக்கி ஓட்டும் பாடத்துக்கு விண்டோஸில் மின்ஜிடபிள்யூ என்ற கம்பைலர் தனியாக வேண்டும். லினக்ஸில் பில்ட் எசென்ஷியல் இருந்தால் வேறெதுவும் தேவையில்லை. உருவாகும் கோப்புக்கு '.இஎக்ஸ்இ' என்ற வால் வேண்டாம்; ஓட்டும் இடத்தில் புள்ளியும் சாய்கோடும் சேர்க்கச் சொல்லுங்கள்.

வாசகர், கொல்லிமலை: எங்கள் ஊரில் கைப்பேசி இணையம்தான், அதுவும் விட்டு விட்டு. கம்பைலரை எப்படி இறக்குவது?

கைப்பேசியை யுஎஸ்பி கம்பியால் இணைத்து, அதன் இணையத்தைக் கணினியோடு பகிரும் 'டெதரிங்' கொடுங்கள். லினக்ஸ் அதை உடனே அடையாளம் கண்டுகொள்ளும். ஆப்ட் நிறுவத் தொடங்குமுன், எத்தனை எம்பி இறக்க வேண்டும் என்று காட்டிவிட்டுத்தான் சம்மதம் கேட்கும். அந்த எண்ணைப் பார்த்து முடிவு செய்யலாம். பாதியில் அறுந்தால் அதே கட்டளையை மறுபடியும் கொடுங்கள். இறங்கிய பொதிகளை விட்டுவிட்டு மீதியை மட்டும் இறக்கும். அதுவும் இயலாதென்றால் டெபியனின் முதல் டிவிடி பிம்பத்தை நகரத்தில் பென் டிரைவில் ஏற்றி வாங்கி வாருங்கள். ஜிசிசி அதிலேயே இருக்கிறது.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், குடவாசல்: அறுபத்து மூன்று வயதில் நிரல் எழுதக் கற்கிறேன். 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைச் சி மொழியில் 'எஸ்டிஆர்லென்' கொண்டு கேட்டேன், 15 என்றது. பைத்தானில் 5 என்றது. நான் நாற்பது ஆண்டு சொல்லிக்கொடுத்தது 3. வெண்பாவுக்குச் சீர் பிரித்துப் பார்க்கும் நிரல் எழுதுவது என் ஆசை.

ஐயா, இந்த மாதம் வந்த கடிதங்களில் என்னை அதிக நேரம் உட்காரவைத்தது உங்களுடையது.

மூன்று விடைகளும் சரி. மூன்றும் வெவ்வேறு பொருள்களை எண்ணுகின்றன. யூனிகோடில் 'தமிழ்' ஐந்து குறியீடுகளாக இருக்கிறது: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. பைத்தான் எண்ணியது இவற்றை. அந்தக் குறியீடுகளைக் கோப்பில் எழுதும் முறை யுடிஎஃப்-8. கென் தாம்சனும் ராப் பைக்கும் 1992-இல் வகுத்தது அது. அதில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட். ஐம்மூன்று பதினைந்து. எஸ்டிஆர்லென்னுக்கு எழுத்து என்றால் என்னவென்று தெரியாது. அது பைட்டுகளை எண்ணுகிறது. எழுத்தை எண்ணியவர் நீங்கள் ஒருவர்தான்.

சில டெர்மினல்களில் இகரக் குறியும் புள்ளியும் விலகித் தெரியலாம். அது காட்டுவதில் உள்ள குறை. உங்கள் தரவில் பிழையில்லை. விடையைக் கோப்பில் எழுதி எடிட்டரில் திறந்து பாருங்கள்.

சீர் பிரிப்பதற்குப் பைத்தானையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆரணி ஆசிரியருக்குச் சொன்ன தனிச்சூழலை உருவாக்கி, அதற்குள் 'பிப் இன்ஸ்டால் ஓப்பன் மைனஸ் டமில்' என்று கொடுங்கள். தமிழுக்காகத் தமிழர்கள் எழுதித் திறந்து வைத்திருக்கும் நூலகம் அது. அதில் 'கெட் லெட்டர்ஸ்' என்ற செயற்கூறு உண்டு. நடுவில் அடிக்கோடு இட வேண்டும். 'தமிழ்' என்று கொடுத்தால் த, மி, ழ் என்று மூன்று எழுத்துகளைப் பட்டியலாகத் தரும்.

மீதி வேலைக்கு இலக்கணம் உங்களிடம் இருக்கிறது. பட்டியலின் ஒவ்வோர் எழுத்தையும் குறில், நெடில், ஒற்று என்று மூன்று வகையாகப் பிரியுங்கள். குறிலைக் கண்டதும் அடுத்த எழுத்தைப் பாருங்கள். அது குறிலோ நெடிலோ ஆனால் இரண்டும் சேர்ந்து நிரை, இல்லையென்றால் நேர். நெடிலில் தொடங்கினால் தனித்தே நேர். பின்னால் வரும் ஒற்றை அந்த அசையோடு சேர்த்துக்கொண்டு நகருங்கள். குற்றியலுகரத்தையும் ஐகாரக் குறுக்கத்தையும் இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். முதலில் இது ஓடட்டும். எழுதி முடித்ததும் 'தமிழ்' என்ற சொல்லையே முதலில் கொடுத்துப் பாருங்கள் ஐயா. 'நிரை' என்று ஒரே அசையாக வர வேண்டும். வேறு ஏதாவது வந்தால் நிரலையும் திரையில் வந்த முதல் செய்தியையும் சேர்த்து எனக்கு அனுப்புங்கள்.